எந்த டி.என்.ஏ. கிட் வாங்கலாம்? உசிலம்பட்டியிலிருந்து ஒரு பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாசிங்க.

போன மாசம் வார்டில் ஒரு அப்பத்தா. வயசு எண்பதைத் தாண்டியிருக்கும். நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு. நாலு நாள்ல தேறிட்டாங்க. கூட இருந்த பேரன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர், லீவுக்கு வந்திருக்கார். டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஓரமா வந்து கேட்டார்.

"சார், எங்க குடும்ப வரலாறு எழுதணும்னு ஆசை. இந்த டி.என்.ஏ. கிட் நாலஞ்சு கம்பெனி விக்குறாங்க. எது நல்லது? அப்பத்தாகிட்டயும் எச்சில் வாங்கிட்டுப் போயிரலாம்னு பாக்குறேன்."

நான் சாதாரண எம்.பி.பி.எஸ். மரபணு நிபுணர் இல்லை. ஆனா இந்தக் கேள்விக்கு நின்னுக்கிட்டே ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி அனுப்ப மனசு வரலை. ஏன்னா உலகத்தில் இந்தக் கிட் வியாபாரமெல்லாம் பெரிதாக ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே, உசிலம்பட்டி பக்கத்து ஊர் ஒன்று இந்தக் கதையில் நுழைஞ்சிருச்சு. நம்ம ஆளுங்க பாதிப்பேருக்கு அது தெரியாது. தெரிஞ்சவங்க பாதிப்பேர் அதைத் தப்பா தெரிஞ்சு வச்சிருக்காங்க.

உசிலம்பட்டியில் மதுரை பஸ் ஏறினா வாலாந்தூர், கருமாத்தூர், செக்கானூரணி தாண்டி, நாகமலைக்கு முன்னாடி மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வரும். அங்கே நோய் எதிர்ப்பியல் துறையில் பேராசிரியராக இருந்தவர் ராமசாமி பிச்சப்பன். அவருடைய ஆய்வு முதலில் வம்சாவளி பற்றியது இல்லை, நோய் பற்றியது. காசநோயும் தொழுநோயும் ஏன் ஒருத்தரைத் தாக்குது, பக்கத்து வீட்டுக்காரரை விட்டுடுது என்ற கேள்வி. அதுக்காக மதுரை வட்டாரத்து மக்களிடம் ரத்த மாதிரி வாங்கி ஆய்வு செஞ்சுட்டு இருந்தார். அதில் பிறமலைக் கள்ளர் சமூகத்து மக்களும் உண்டு.

அதே காலத்தில் ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு கேள்வியோட அலைஞ்சுட்டு இருந்தார். ஆப்பிரிக்காவில் தோன்றிய நவீன மனிதர்கள் ஏறக்குறைய 50,000 வருஷத்துக்கு முன்னாடியே ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்துட்டாங்க. நடுவுல எந்த வழியா போனாங்க? கடற்கரை ஓரமாகவே போயிருந்தா இந்தியாவைத் தொடாம போயிருக்க முடியாது. ஆனா அந்தக் காலத்துக் கடற்கரை இன்னைக்குக் கடலுக்குள்ள இருக்கு. பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தது, பிறகு ஏறிடுச்சு. தோண்டி எடுக்க வழியில்லை. தடயம் மனுஷ உடம்புக்குள்ள இருந்தாத்தான் உண்டு.

அந்தத் தடயத்துக்குப் பெயர் எம்130. ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து அவன் மகனுக்கு அப்படியே போகும். ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்களிடம் இந்தக் குறி நிறைய உண்டு. பிச்சப்பன் குழுவிடம் இருந்த மாதிரிகளில் அது தென்பட்டது. உசிலம்பட்டி பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்ற ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞரிடமும் இருந்தது. வெல்ஸ் 2002-ல் 'மனிதனின் பயணம்' என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதினார், அதே பெயரில் ஆவணப்படமும் வந்தது. படத்துக்காகக் கேமராவோட இந்தப் பக்கம் வந்து அந்த இளைஞரைச் சந்திச்சாங்க. பிறகு பத்திரிகைகள் அவரை 'முதல் இந்தியர்' என்று எழுத ஆரம்பிச்சது. அவர் பெயர் நெட்டில் தேடினா கிடைக்கும். ஒருத்தர் உடம்புக்குள்ள இருக்கிற விஷயத்தைப் பேசும்போது பெயர் எதுக்குன்னு நான் இங்கே எழுதலை.

இங்கதான் எல்லாரும் சறுக்குற இடம். கவனிங்க.

"ஜோதிமாணிக்கத்துக்காரர்தான் இந்தியாவின் முதல் மனிதனுடைய வாரிசு, அப்ப நாமெல்லாம் அவருக்கு அப்புறம் வந்தவங்க" என்று டீக்கடையிலும் பேசுறாங்க, வாட்ஸப்பிலும் வருது. அதிலிருந்து ஒரு படி ஏறி, "எங்க சாதிதான் ஆதி" என்று போஸ்டர் வாசகமாகவும் ஆயிடுது. டி.என்.ஏ. அப்படி எதையும் சொல்லவே இல்லை.

கணக்கு போடுவோம். உங்களுக்கு அப்பா அம்மா 2 பேர். தாத்தா பாட்டி 4 பேர். அவங்களுக்கு மேல 8. பத்தாவது தலைமுறையில் 1,024 இடம். இருபதாவது தலைமுறையில் பத்து லட்சத்துக்கும் மேல. ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் வச்சாலும் பத்து தலைமுறை என்பது வெறும் 250 வருஷம்தான். திருமலை நாயக்கர் காலம்கூட வராது. அந்த 1,024 பேரில் ஒய் குரோமோசோம் காட்டுறது ஒரே ஒருத்தரை. அப்பாவோட அப்பாவோட அப்பா என்று நேர்கோட்டில் போனா வரும் அந்த ஒரு ஆள். மீதி 1,023 பேரைப் பற்றி அது வாயே திறக்காது. எம்130 என்பது 50,000 வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய நூல்தான், சந்தேகமில்லை. ஆனா அது ஒரு புடவையில் ஒரே ஒரு இழை. அந்த இழையை வச்சுக்கிட்டு மொத்தப் புடவையும் இன்ன ஊர்ல நெய்ததுன்னு சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒய் குரோமோசோமில் வேற குறி இருக்கலாம். ஆனா அவருடைய மத்த முன்னோர்களில் எம்130 தாத்தாக்கள் பலபேர் இருந்தே இருப்பாங்க. பெண் வழியாக வந்ததால் அந்தக் குறி மட்டும் கழன்று போயிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. எம்130 குறி மங்கோலியாவிலும் கஜகஸ்தானிலும் ஏராளம். செங்கிஸ்கான் வம்சம் என்று 2003-ல் ஒரு ஆய்வு வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டதே, அந்தக் கிளையும் இதே எம்130 மரத்தில் பின்னால் முளைத்த கிளைதான். ஆக, குறி ஒன்றுன்னு சொந்தம் கொண்டாட ஆரம்பிச்சா ஜோதிமாணிக்கத்துக்காரர் செங்கிஸ்கானுக்குப் பங்காளி ஆகணும்!

ஆஸ்திரேலியா தொடர்பும் அப்படித்தான். 2013-ல் ஒரு ஆய்வு, சுமார் 4,000 வருஷத்துக்கு முன்னாடி இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மரபணுக் கலப்பு நடந்ததுன்னு சொல்லுச்சு. 2016-ல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்களின் ஒய் குரோமோசோமை முழுசாகப் படிச்ச இன்னொரு ஆய்வு, இல்லை, இந்தியக் கிளையும் ஆஸ்திரேலியக் கிளையும் பிரிஞ்சது ஏறக்குறைய 50,000 வருஷத்துக்கு முன்னாடியேன்னு காட்டுச்சு. அண்ணன் தம்பின்னு சொல்லலாம், ஆனா பாகம் பிரிச்சு அத்தனை காலம் ஆச்சு. விஞ்ஞானத்தில் இப்படித் திருத்தம் வருவது சகஜம். போஸ்டரில்தான் வராது.

பிச்சப்பன் குழு அதோட நிக்கலை. நேஷனல் ஜியாகிராஃபிக்கும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 2005-ல் ஜீனோகிராஃபிக் திட்டம் ஆரம்பிச்சாங்க. இந்தியாவுக்கான மையம் காமராசர் பல்கலைக்கழகம்தான். தமிழ்நாட்டில் 12 பழங்குடிக் குழுக்கள், 19 மற்ற சமூகங்கள், மொத்தம் 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பரிசோதிச்சு 2012-ல் கட்டுரை வெளியிட்டாங்க. இந்தக் குழுக்களுக்குள்ள இருக்கும் வேறுபாடு சாதி அமைப்பை விடப் பழசு, விவசாயம் பரவின காலத்தோட ஒட்டிப் போகுதுன்னு அவங்க வாதம். இதை ஏத்துக்காத ஆய்வாளர்களும் உண்டு.

அதே திட்டம்தான் பொதுமக்களுக்கும் கிட் விற்றது. ஏறக்குறைய 100 டாலர். கன்னத்துக்குள்ள ஒரு குச்சியால தேய்ச்சு அனுப்பினா உங்க நேர் ஆண்வழி அல்லது நேர் பெண்வழி, ரெண்டில் ஒன்றைச் சொல்லும். 2019-ல் விற்பனையை நிறுத்திட்டாங்க. பிறகு ரிசல்ட் பார்க்கிற இணையப்பக்கத்தையும் மூடிட்டாங்க. காசு கொடுத்து வாங்கினவங்க முன்கூட்டியே இறக்கி வச்சிருந்தா உண்டு. இல்லைன்னா இல்லை. இது ஒரு பாடம், மனசுல வைங்க. திரும்ப வருவோம்.

சரி, பேரன் கேட்ட கேள்விக்கு வர்றேன். இப்ப சந்தையில் இருக்கும் கிட்டுகள் மூணு தினுசு.

முதல் தினுசு, ஒய் குரோமோசோம். ஆண்கள் மட்டும்தான் கொடுக்க முடியும். அந்த அப்பத்தாகிட்ட எச்சில் வாங்கி இதைப் பார்க்க முடியாது, அவங்களுக்கு ஒய் குரோமோசோமே கிடையாது. அவங்க பிறந்த வீட்டு ஆண்வழி தெரியணும்னா அவங்க அண்ணன் தம்பி, இல்லைன்னா அண்ணன் தம்பி மகன் கொடுக்கணும். ரெண்டாவது, மைட்டோகாண்ட்ரியா. அம்மாவிடமிருந்து மட்டுமே வருவது, மொத்தம் 16,569 எழுத்து. ஆண் பெண் எல்லாரும் கொடுக்கலாம். ஆனா பேரனோட மைட்டோகாண்ட்ரியா அவர் அம்மா, அம்மாச்சி வழி. அப்பத்தா வழி இல்லை. அப்பத்தா வழி தெரியணும்னா அப்பத்தா எச்சில்தான் வேணும், இல்லைன்னா அவருடைய அப்பா கொடுக்கலாம். இந்த ரெண்டும் ஆயிரக்கணக்கான வருஷத்துக் கதை சொல்லும், நம்ம பூட்டன் பெயரைச் சொல்லாது.

மூணாவதுதான் விளம்பரத்தில் வரும் கிட். எல்லாக் குரோமோசோமிலும் தெரிஞ்செடுத்த ஆறேழு லட்சம் இடத்தைப் படிச்சுப் பார்க்கும். மொத்தம் 300 கோடி எழுத்து இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கங்க. அது ரெண்டு பதில் தரும். ஒன்று, "நீங்க இத்தனை சதவீதம் தென்னிந்தியர்". ரெண்டு, "எங்க பட்டியல்ல இன்னார் உங்களுக்குச் சொந்தம்".

அந்தச் சதவீதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியிலேயே மென்பொருள் புதுப்பிச்சா மாறும். நீங்க மாறலை, அவங்க ஒப்பிடுற ஆட்களின் பட்டியல் மாறுது. ஐரோப்பியர்களுக்கு ஊர் அளவுக்குப் பிரிச்சுச் சொல்லும் கம்பெனி, நமக்குப் பெரும்பாலும் "தென்னிந்தியா, இலங்கை" என்று ஒரே வட்டம் போட்டுக் காட்டும். உசிலம்பட்டிக்காரர் பத்தாயிரம் ரூபாய் செலவு பண்ணி "நீங்கள் தென்னிந்தியர்" என்று தெரிஞ்சுக்கணுமா?

சொந்தம் கண்டுபிடிக்கிறதுதான் உண்மையிலேயே பயன்படும் பகுதி. ஆனா நம்ம ஊர்ல அதுக்கு ஒரு பெரிய சிக்கல். ஏன்னா நாம மாமன் மகளைக் கட்டுறோம்.

சிரிக்காதீங்க. அந்தக் கணக்கெல்லாம் அப்பாவும் அம்மாவும் சொந்தமில்லாதவங்க என்று வச்சுக்கிட்டுப் போட்டது. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏ. பகிர்ந்துக்குவாங்க, அவங்க பிள்ளைகளுக்குள்ள முப்பத்திரண்டில் ஒரு பங்கு, இப்படிக் குறைஞ்சுக்கிட்டே போகும். கம்பெனி அந்தப் பங்கைப் பார்த்து உறவைக் கணிக்குது. நம்ம பக்கம் அத்தை மகள், மாமன் மகன், சில வீட்டில் தாய்மாமனே மாப்பிள்ளை. அத்தை மகளைக் கட்டின ஒருத்தர் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டி எட்டுப் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஆறே பேர்தான். இதையே அஞ்சாறு தலைமுறை செஞ்சிருந்தா ஒரே ஆள் வம்சாவளிப் படத்தில் நாலு இடத்தில் உட்கார்ந்திருப்பார். அப்ப ரொம்ப தூரத்துச் சொந்தத்தைக்கூட அந்த மென்பொருள் "இவர் உங்க நெருங்கிய உறவு" என்று காட்டும். உண்மையில் நெருக்கம்தான், ஒரு வழியா இல்லை, ஏழெட்டு வழியா.

இதில் மருத்துவ விஷயமும் இருக்கு. 2017-ல் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்ததில், 81 குழுக்கள் ரொம்பக் குறைவான முன்னோர்களிடமிருந்து பெருகி, தங்களுக்குள்ளேயே மணம் செஞ்சு வந்திருக்கிறது தெரிஞ்சது. உலகத்தில் இதற்கு உதாரணமாகச் சொல்லப்படும் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட அந்த 81-லும் இது அதிகம். இதனால் சில அரிய நோய்கள் சில சமூகத்தில் கூடுதலாக வரும். ஆரிய வைசிய சமூகத்தில் சிலருக்கு அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து சீக்கிரம் இறங்காது, நீண்ட நேரம் மூச்சே எடுக்க முடியாமல் போயிடும். மயக்கவியல் டாக்டர்களுக்கு இது பழைய செய்தி. குடும்ப வரலாறு என்று நாங்க கேஸ் ஷீட்டில் எழுதுறதுக்கு இதுதான் காரணம். ஆனா இதைக் கடையில் வாங்கும் கிட்டில் பார்த்துட்டு "எனக்கு ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகிடாதீங்க. அதில் மார்பகப் புற்றுநோய் மரபணுவுக்கு மூணே மூணு பிழையை மட்டும் பார்த்துச் சொல்லும் கிட்டுக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தாங்க. அந்த மூணும் பெரும்பாலும் அஷ்கெனாசி யூதர்களிடம் காணப்படுபவை. பிழைகள் ஆயிரத்துக்கும் மேல உண்டு. நமக்கு 'இல்லை' என்று வந்தா அதுக்கு அர்த்தமே கிடையாது.

இப்ப நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

உசிலம்பட்டியிலிருந்து தெற்கே போனா பெருங்காமநல்லூர். 1871-ல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம பக்கம் அதுக்கு வழக்கில் இருந்த பெயர் ரேகைச் சட்டம். ஏன்னா ஜனங்களுக்கு அது ரேகையாகத்தான் தெரிஞ்சது. பிறமலைக் கள்ளர் ஆண்கள் என்ன தப்பு செஞ்சாங்க என்ற கேள்வியே இல்லாமல், இன்ன சாதியில் பிறந்ததுக்காகவே பெயரைப் பதிஞ்சு பத்து விரலையும் உருட்டிக் கொடுக்கணும். ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் இருக்கணும். வெளியூர் போனா சீட்டு வாங்கணும். 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர்க்காரங்க ரேகை கொடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் சேர்ந்து 16 பேர் செத்தாங்க. சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தாக 1947 ஆச்சு.

கைரேகை அப்ப புது விஞ்ஞானம். அடையாளம் காண அதை ஒழுங்குபடுத்தின ஆரம்பகால அலுவலகம் 1897-ல் கல்கத்தாவில் திறந்ததுதான். ஆட்களைப் பிழையில்லாமல் அடையாளம் காண்பதுதான் நோக்கம்னு சொன்னாங்க. விஞ்ஞானத்தில் பிழையில்லை. அதை யாரிடமிருந்து, எந்தப் பட்டியலுக்காக எடுத்தாங்க என்பதில்தான் எல்லாமே இருந்துச்சு.

அதே ஜனங்களுடைய பேரப்பிள்ளைகள் எண்பது வருஷம் கழிச்சு, நோய் ஆய்வுக்காகக் கையை நீட்டி ரத்தம் கொடுத்தாங்க. யோசிச்சுப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கும். அப்ப பிறப்பாலேயே குற்றவாளின்னு ஏட்டில் எழுதப்பட்ட சமூகம், இப்ப பிறப்பாலேயே ஆதி மனிதன்னு பத்திரிகையில் எழுதப்படுது. ரெண்டும் ஒரு மனுஷனை அவன் பிறப்பை வச்சு ஒரு கட்டத்துக்குள்ள அடைக்கிற வேலைதான். ரெண்டாவது கட்டம் பூ வச்சு அலங்கரிச்சது, அவ்வளவுதான் வித்தியாசம்னு எனக்குத் தோணும். நீங்க மறுக்கலாம்.

நான் பழங்கதை பேசலை. 23 அண்ட் மீ என்ற அமெரிக்கக் கம்பெனி 2006-ல் ஆரம்பிச்சது, இந்தத் தொழிலிலேயே பெரிய பெயர்களில் ஒன்று. 2023-ல் திருடர்கள் சுமார் 14,000 கணக்குகளுக்குள்ள நுழைஞ்சாங்க. ஆனா வெளியே போனது 69 லட்சம் பேருடைய தகவல். எப்படின்னா, அந்த 14,000 பேருக்கு 'சொந்தம்' என்று காட்டப்பட்டவங்க தகவலெல்லாம் சேர்ந்து போச்சு. அதை யூத வம்சாவளிக்காரர், சீன வம்சாவளிக்காரர் என்று இனவாரியாகப் பட்டியல் போட்டு விற்பனைக்கு வச்சாங்க. பிறப்பின்படி பட்டியல். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டுச்சு. கம்பெனியோட சேர்த்து ஜனங்க கொடுத்த எச்சிலின் தகவலும் ஏலத்துக்கு வந்தது. கடைசியில் அதை ஆரம்பிச்சவரே நடத்தும் ஒரு லாப நோக்கற்ற நிறுவனம் 30 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்கிக்கிச்சு. வேற யாராவது வாங்கியிருந்தா? பாஸ்வேர்டு மாதிரி டி.என்.ஏ.வை மாத்திக்க முடியாது.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். 2018-ல் கலிபோர்னியாவில் நாற்பது வருஷத்துப் பழைய தொடர் கொலைகாரனைப் பிடிச்சது இப்படிப்பட்ட ஒரு வம்சாவளித் தளத்தை வச்சுத்தான். அவன் எச்சில் கொடுக்கலை. அவனுடைய தூரத்துச் சொந்தங்கள் கொடுத்திருந்தாங்க. கொலைகாரன் மாட்டினதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ஒருத்தர் கொடுத்தா சொந்தபந்தம் அத்தனைபேரும் கொடுத்த மாதிரின்னு அந்த வழக்கு காட்டிக் கொடுத்துருச்சு. நம்மளை மாதிரி ஏழெட்டு வழியா பின்னிக் கிடக்கும் சனத்தில், ஒரு ஊரில் நாலு பேர் கொடுத்தாலே ஊரே பதிவான மாதிரி. இந்தியாவில் டி.என்.ஏ. பயன்பாட்டை முறைப்படுத்த 2019-ல் மக்களவையில் வச்ச மசோதாவை 2023-ல் திரும்ப வாங்கிட்டாங்க. தனிமனிதத் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் ஒரு சட்டம் வந்தது. ஆனா எச்சில் விமானம் ஏறிப் போயிட்டா அது எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கீழே இருக்குன்னு நீங்கதான் கம்பெனியோட நிபந்தனையைப் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

அப்ப யாருமே வாங்க வேண்டாமா? அப்படியும் இல்லை. ஒரு கூட்டத்துக்கு இந்தக் கிட்டை விட்டா வேற கதியே இல்லை.

உசிலம்பட்டின்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு நமக்குத் தெரியும். 1980-களில் பெண் சிசுக்கொலை பற்றிப் பத்திரிகைகள் எழுதின பெயர் இன்னும் போகலை. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் ஆரம்பிச்சு, 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் வந்தது. தொட்டிலில் வைக்கப்பட்டுப் பிழைச்ச பிள்ளைகள் இன்னைக்குப் படிச்சு, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டிப் பிள்ளை பெத்துக்கிட்டு இருக்காங்க. அதுக்கும் முன்னால், எழுபது எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப்போன பிள்ளைகள் நடுத்தர வயசில் பெத்தவளைத் தேடி இங்க வர்றாங்க. காகிதம் இல்லை, இருந்தாலும் பொய்யா இருக்கு. அவங்களுக்கு வம்சாவளி என்பது பெருமைக்கான விஷயம் இல்லை. ஓ.பி.யில் "உங்க குடும்பத்துல யாருக்காவது சுகர் இருக்கா?"ன்னு கேட்டா பதில் சொல்ல ஒரு குடும்பம் வேணும், அவ்வளவுதான். அவங்க சொந்தம் தேடும் பெரிய தளத்தில் பதியணும், வேற வழியில்லை. ஆனா இந்தியர்கள் அந்தப் பட்டியல்களில் குறைவு. மூணாம் நாலாம் தலைமுறைச் சொந்தம்தான் வரும், அதையும் மேலே சொன்ன மாமன் மகள் கணக்கு குழப்பும். தத்துப்போனவர் 18 வயசுக்குப் பிறகு தன் வேரைத் தேட நம்ம தத்தெடுப்பு விதிகளில் வழி இருக்கு. அதை முதலில் செஞ்சு பாருங்க. இன்னொரு பக்கத்தில் ஒரு அம்மா, யாருக்கும் தெரியாமல் அந்தத் தொட்டில்கிட்ட வந்து போனவள், இப்ப வேற வீட்டில் மருமகளாக, மாமியாராக இருக்கலாம். அவள் எச்சில் கொடுக்கலை, அவள் அண்ணன் மகன் விளையாட்டாக் கொடுத்திருப்பான். இதுக்கு எங்கிட்ட சுலபமான பதில் இல்லை.

மத்தவங்களுக்கு நான் சொல்றது இது. என்ன கேள்விக்குப் பதில் வேணும்னு முதல்ல ஒரு வரி எழுதுங்க. ஆதிகால ஆண்வழி தெரியணும்னா ஒய் பரிசோதனையைத் தனியாகச் செய்யும் கம்பெனியைப் பாருங்க. தொலைஞ்ச சொந்தம் தேடணும்னா பட்டியல் பெரிசா இருக்கும் கம்பெனி, உங்க முகவரிக்கு அனுப்புவாங்களான்னு கேட்டுக்கங்க. மாதிரியை அழிக்கச் சொன்னா அழிப்பாங்களா, மூல தரவை நீங்க இறக்கிக்கலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமான்னு கேட்கும் கட்டத்தில் 'இல்லை' போட முடியுமான்னு பாருங்க. வந்த ரிசல்ட்டை அன்னைக்கே இறக்கி வச்சுக்கங்க, ஜீனோகிராஃபிக் கதை ஞாபகம் இருக்கட்டும். அப்புறம், வீட்டில் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுச் செய்யுங்க. அப்பா அப்பா இல்லைன்னு தெரியவந்த வீடுகள் உலகம் முழுக்க இருக்கு.

பேரன்கிட்ட இவ்வளவும் சொல்லலை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"தம்பி, அப்பத்தாகிட்ட எச்சில் கேக்குறதுக்கு முன்னாடி அவங்க சீயான் பேரு கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லைன்னார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பத்தா அதைக் கேட்டுட்டு அவங்களாவே ஆரம்பிச்சாங்க. எந்த நாடு, எந்த உபகிராமம், மாசிப் பச்சைக்கு எந்தக் கோயில்ல கும்பிடுவோம், பெட்டி எந்த வழியாப் போகும், அவங்க அம்மாவை எந்த ஊர்ல இருந்து கட்டிட்டு வந்தாங்க. பிறமலைக் கள்ளருக்கு எட்டு நாடு இருபத்துநாலு உபகிராமம்னு சொல்வாங்க. 1949-50-ல் பிரான்ஸ் நாட்டு மானிடவியலாளர் லூயி துய்மோன் இந்தப் பக்கம் வந்து தங்கி, இப்படித்தான் வீடு வீடாக உட்கார்ந்து யார் யாருக்கு என்ன முறைன்னு எழுதிட்டுப் போனார். 1957-ல் அது பெரிய புத்தகமாச்சு. அவர் எழுதினதும் இந்த மாதிரி அப்பத்தாக்கள் சொன்னதைத்தான். பேரன் ஃபோனை எடுத்து ரெக்கார்டு போட்டார். ரெண்டு தலைமுறை தாண்டி மூணாவதில் ஒரு சீயான் பேரு வந்தது.

"அவரு ரேகை குடுக்காம மலைக்கு ஓடுனவரு" என்றாங்க அப்பத்தா.

"யாரு அப்பத்தா? எந்த மலை? எனக்கு யாருமே சொல்லலையே!"

"நீ எப்படா கேட்ட?"

ஆம்புலன்ஸ் வந்து ஒரு பாம்புக்கடி கேஸ் இறங்கினதால் நான் கிளம்ப வேண்டியதாப் போச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தா டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருந்தும் ரெண்டு பேரும் போகலை. அதே கட்டிலில் அப்பத்தா பேசிட்டே இருக்காங்க. கிட்டெல்லாம் எப்ப வாங்குவார்னு எனக்குத் தெரியாது. அடுத்த பேஷன்டுக்குப் படுக்கை வேணும்னு சிஸ்டர்தான் வந்து எழுப்பினாங்க.